நெல்லையப்பர் கோயில்: எந்தப் பெயரைச் சொன்னால் எங்கே போய் இறங்குவீர்கள்?

நெல்லை எக்ஸ்பிரஸ் வந்து நிற்பது திருநெல்வேலி சந்திப்பில். ஊர்க்காரர் வாயில் ‘ஜங்ஷன்’. கோயில் இருப்பதோ டவுனில், சில கிலோமீட்டர் தள்ளி. ஆட்டோக்காரரிடம் “திருநெல்வேலி கோயில்” என்றால் எந்தக் கோயில் என்பார். “டவுன் போகணும் அண்ணாச்சி, நெல்லையப்பர் கோயில்” என்று சொல்லுங்கள்.

“சாமி சன்னதியா, அம்மன் சன்னதியா?” என்று திருப்பிக் கேட்டால் விழிக்க வேண்டாம். கிழக்கு பார்த்த இரண்டு கோயில்கள் அடுத்தடுத்து நிற்கின்றன: வடக்கே நெல்லையப்பர், தெற்கே காந்திமதி அம்மன். உள்ளே சங்கிலி மண்டபம் இரண்டையும் இணைக்கிறது. எதில் நுழைந்தாலும் சரி, செருப்பை விட்ட வாசலை மட்டும் மறக்காதீர்கள். சாமி வாசலில் விட்டுவிட்டு அம்மன் வாசலில் வெளியே வந்தால், சித்திரை வெயிலில் ரதவீதி தார் காலைப் பதம் பார்த்துவிடும். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

பெயருக்கு வருவோம். நைவேத்தியத்துக்காக வேதசர்மர் என்ற பக்தர் காயப்போட்ட நெல்லை மழை நனைக்காமல் இறைவன் வேலியிட்டுக் காத்தான் என்கிறது தலபுராணம். அதனால் நெல்வேலி. அதன் சுருக்கம்தான் நெல்லை. ஆகவே நெல்லையப்பர் என்றால் நெல்லை ஊரின் அப்பர். பிள்ளைகளுக்கு ‘நெல்லின் அப்பா’ என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். கோயிலுக்குள் வேணுவனநாதர், வேய்முத்தர் என்ற பெயர்களும் காதில் விழும். வேணு, வேய் இரண்டும் மூங்கில். இது மூங்கில் வனமாக இருந்த தலம். சாமி ஒருவரே, வேறு சன்னதி தேடி அலைய வேண்டாம். தாமிர சபை என்பது மட்டும் தனி: நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்று, இதே வளாகத்துக்குள்.

யாழ்ப்பாணத்திலும் ஒரு திருநெல்வேலி உண்டு. பேச்சில் தின்னவேலி, பல்கலைக்கழகம் இருக்கும் இடம். மேப்பில் ஊர்ப்பெயரை மட்டும் போட்டால் கடல் தாண்டியும் காட்டலாம். ‘நெல்லையப்பர்’ என்று சேர்த்துத் தேடுங்கள்.

தாத்தாவின் பழைய பத்திரத்தோடு பூர்வீகம் பார்க்க வருகிறவர்களுக்கு இன்னொன்று. ஆங்கிலேயர் காலக் காகிதங்களில் ‘டின்னவெல்லி’ என்றிருப்பது இந்தத் திருநெல்வேலிதான். ஆனால் ‘திருநெல்வேலி ஜில்லா’ என்று இருப்பதை நம்பி டவுனில் அறை போடாதீர்கள். தூத்துக்குடி 1986-லும் தென்காசி 2019-லும் தனி மாவட்டங்களாகிவிட்டன. பத்திரத்தில் தாலுகா கோவில்பட்டி என்றிருந்தால் இன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டம். சங்கரன்கோவில் என்றால் தென்காசி.