பூப்பந்து, ஹாக்கி ஆடிய கையோடு கோல்ஃப் ஸ்விங் கற்க வருபவர்களுக்கு

சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மட்டை பிடிப்பது புதிதில்லை. மண்டபத்தில் பூப்பந்து, பள்ளியில் ஹாக்கி. கோல்ஃப் மட்டும் நெடுங்காலம் துரைமார் ஆட்டமாகவே கிடந்தது. மாரிமுத்து ராமையாவும் பெரியசாமி குணசேகரனும் நம் மலேசியத் தொழில்முறை கோல்ஃபில் பெயர் பெற்ற பிறகும் அந்தத் தயக்கம் முழுதாக விலகவில்லை. இப்போது நம் பையன்கள் ஈப்போவில் உள்ள பயிற்சித் தளங்களுக்குப் போகிறார்கள். அங்கே தரும் முதல் வாளிப் பந்து முடிவதற்குள் பலர் சோர்ந்து போகிறார்கள். அவர்களிடம் வலு குறைவில்லை. வேறு ஆட்டத்தில் பழகிய கைதான் குறுக்கே வருகிறது.

வாங்க வேண்டியது ஒரே ஒரு 7 அயர்ன் (இரும்புத் தலை வைத்த நடுத்தர கிளப், அதாவது கோல்ஃப் மட்டை), அதுவும் பழையது. விதிப்படி பையில் 14 கிளப் வரை வைக்கலாம் என்பதற்காக முழு செட்டுக்குப் பணம் கொட்டாதீர்கள். தொலைதூர அடிக்கான டிரைவரை இப்போது தொடவே வேண்டாம். பந்தில் படும் அதன் முகம் ஏறக்குறைய 10 பாகைதான் சாய்ந்திருக்கும், தண்டும் நீளம். சின்னக் கோணலும் பந்தைச் செம்பனைக்குள் கொண்டுபோய் விடும். 7 அயர்னின் சாய்வு 30 பாகையை ஒட்டி இருப்பதால் அது அவ்வளவு தண்டிக்காது.

பிடி. ஹாக்கி ஆடியவர்களுக்கு இதில் பாதி வேலை முடிந்துவிட்டது. ஓங்கி அடிக்கும்போது இடக்கை மேலே, வலக்கை அதை ஒட்டிக் கீழே இருக்குமே, அதே அமைப்புதான். கிளப்பை இடக்கையின் கடைசி மூன்று விரல்கள் தாங்கட்டும், உள்ளங்கையில் புதைக்க வேண்டாம். பூப்பந்து மட்டும் ஆடியவர்கள் வலக்கையால் இறுக்குவார்கள். அதைத் தளர்த்துங்கள்.

நிற்பதும் பின்வீச்சும். கால்கள் தோள் அகலத்தில், பந்து நடுவில். முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து குனியுங்கள். கிளப்பைப் பின்னால் மேலே கொண்டுபோகும் பின்வீச்சில் கையைத் தூக்காமல் தோளைத் திருப்புங்கள். தேர்ந்த ஆட்டக்காரர்களுக்குப் பின்வீச்சு எடுக்கும் நேரம், கீழிறங்கும் நேரத்தைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணி மேலே போய், "நான்கு" என்னும்போது அடியுங்கள். கிரிக்கெட்டிலும் ஹாக்கியிலும் பந்து நம்மை அவசரப்படுத்தும். இங்கே அது அசையாமல் காத்திருக்கிறது, அவசரம் தேவையில்லை.

கீழிறக்கம். எனக்கும் நெடுநாள் பிடிபடாத இடம் இது. நான் சொல்லிக்கொடுத்த எல்லாரும் இங்கேதான் தடுக்கினார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பூப்பந்து ராக்கெட் 85 கிராம் அளவில்தான் இருக்கும், இறகுப்பந்து ஐந்து கிராம். அதனால் முன்கையைச் சுழற்றியே பெரும் வேகம் எடுக்கலாம். 2023-இல் இந்தியாவின் சாத்விக்சாய்ராஜ் மணிக்கு 565 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்மாஷ் அடித்தார். 7 அயர்னோ 400 கிராமுக்கு மேல், அந்த எடையில் பெரும்பகுதி நுனியில் இருக்கிறது. கடைசி நொடியில் மணிக்கட்டால் அதை விரட்ட முடியாது. விரட்டப் பார்த்தால் கிளப் முகம் மேல்நோக்கித் திரும்பும். பந்துக்கு முன்பே தரையில் இடிக்கும், அல்லது பந்தின் மண்டையை உரசிக்கொண்டு போகும்.

வேகம் கீழிருந்து வர வேண்டும். முதலில் இடுப்பு, பிறகு மார்பு, பிறகு கைகள், கடைசியில் கிளப். ஒவ்வொன்றும் வேகம் பிடித்து, தான் தணியும்போது அடுத்ததற்கு அதைக் கொடுக்கிறது. ஈட்டி எறிபவருக்கும் வேகப்பந்து வீச்சாளருக்கும் இதே வரிசைதான். உயரத்தில் செம்பனைக் குலை அறுப்பவரைப் பாருங்கள்: நீளக் கழியின் நுனியில் அரிவாள் இருக்க, கையால் மட்டும் இழுக்காமல் உடல் எடையையே இறக்குவார்.

செய்ய வேண்டியது இதுதான். கைகள் மேலே போய்ச் சேரும் தறுவாயிலேயே இடப்பாதத்தைத் தரையில் அழுத்துங்கள். இடுப்பு இலக்குப் பக்கம் திரும்பத் தொடங்கட்டும், கைகள் தானாகப் பின்தொடரும். கிரிக்கெட்டில் முன்காலில் ஏறி டிரைவ் அடித்தவர்களுக்கு இது சீக்கிரம் வரும். பந்தைத் தொடும்போது கிளப் தலைக்குச் சற்று முன்னால் கைகள் இருக்க வேண்டும், வல மணிக்கட்டு பின்னோக்கி மடிந்தபடியே இருக்க வேண்டும். கிளப்பும் பந்தும் ஒட்டியிருப்பது ஒரு வினாடியில் ஏறக்குறைய 2,000-இல் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் எதையும் திருத்த முடியாது, முன்பே சரியாக வந்திருக்க வேண்டும்.

பந்தை மேலே தூக்கிவிட நினைக்காதீர்கள். கிளப்பின் சாய்வே தூக்கிவிடும். அயர்ன் அடி கீழ்நோக்கி இறங்கும் அடி: முதலில் பந்து, அப்புறம் புல்.

சோதிக்க. திடல் ஓரப் புல்லில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். கோட்டை இரு கால்களுக்கும் நடுவில் வைத்து, பந்தில்லாமல் வீசுங்கள். புல் பெயர்வது கோட்டிலோ அதற்கு இலக்குப் பக்கத்திலோ தொடங்க வேண்டும். கோட்டுக்குப் பின்னால் பெயர்ந்தால் எடை இன்னும் வலக்காலில் தேங்கியிருக்கிறது. விலை உயர்ந்த கருவிகளை விட இந்தக் கோட்டைத்தான் நான் நம்புகிறேன். உண்மையான பந்தைத் திடலில் அடிக்கவே கூடாது. 46 கிராம் கெட்டிப் பந்து ஆளைக் கொல்லும். பஞ்சுப் பந்து போதும்.

பிற்சேர்க்கை 1: "அண்ணே, நான் இடக்கைக்காரன், இடக்கை கிளப் தேட வேண்டுமா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். ஹாக்கியில் இடக்கை மட்டையே கிடையாது, எல்லாரும் ஒரே பக்கம்தான் அடிக்கிறோம். ஹாக்கி ஆடிப் பழகியிருந்தால் தயங்காமல் வலக்கை கிளப் வாங்குங்கள். பழைய கடைகளில் அதுதான் எளிதில் கிடைக்கும்.

பிற்சேர்க்கை 2: பந்து வலப்பக்கம் வளைந்தே போகிறது என்று பலர் எழுதினீர்கள். பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் கிளப் முகம் தீர்மானிக்கிறது. வளைவு, கிளப் வரும் பாதைக்கும் முகம் பார்க்கும் திசைக்கும் உள்ள வேறுபாட்டால் வருகிறது. இலக்கை நோக்கியே புறப்பட்டு வலப்பக்கம் வளைந்தால், கிளப் பந்துக்கு வெளிப்பக்கத்திலிருந்து உங்கள் பக்கமாக உள்ளே வெட்டி வருகிறது. பெரும்பாலும் தோள் இடுப்பை முந்தியிருக்கும். பந்துக்கு வெளிப்பக்கம் ஒரு கை அகலம் தள்ளி, சற்றுப் பின்னால், காலி அட்டைப் பெட்டி ஒன்றை வையுங்கள். அதில் இடிக்காமல் பாதி வேகத்தில் அடித்துப் பழகிவிட்டு, பிறகு வேகத்தைக் கூட்டுங்கள்.