ஏற்காட்டு வீட்டைச் சேலத்திலிருந்து கண்காணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஐப்பசி மழையில் எங்கள் ஏற்காட்டுத் தோட்ட வீட்டுக் கண்காணிப்புக் கேமராவிலிருந்து ஐந்து நாள் ஒரு அலர்ட்டும் வரவில்லை. பிரச்சினை ஒன்றும் இல்லை என்று சேலத்தில் நிம்மதியாக இருந்துவிட்டோம். ஆறாம் நாள் போய்ப் பார்த்தால், பேட்டரி முதல் இரவே தீர்ந்திருந்தது. தண்ணீர்க் குழாய் உடைந்து, மிளகு மூட்டை வைத்திருந்த அறை வரை ஈரம்.

தகவல் வராததையே நல்ல தகவலாக எடுத்துக்கொண்டதுதான் நாங்கள் செய்த தவறு. நின்றுபோன கருவி, தான் நின்றுபோனதைச் சொல்லாது. அதனால் தினமும் காலையில் பேட்டரி வோல்ட்டேஜோடு ஒரு செய்தி வரும்படி அமைத்துக்கொள்ளுங்கள். அது வராத அன்றே விசாரியுங்கள்.

அடுத்தது பேட்டரிக் கணக்கு. கேமராவுக்கு 5 வாட், ரவுட்டருக்கு 5 வாட் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 240 வாட்-ஹவர். 12 வோல்ட் பேட்டரியில் அது 20 ஆம்பியர்-ஹவர். மலையில் மழை பிடித்துக்கொண்டால் சோலார் பேனலை நம்ப முடியாது. மூன்று நாளாவது தாங்க வேண்டும், அதாவது 60. லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால் 120 ஆம்பியர்-ஹவர் பேட்டரி தேவை. பலர் ஸ்கூட்டர் பேட்டரி அளவில் ஒன்றை வைத்துவிட்டு கேமராவைக் குறை சொல்கிறார்கள். ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான்.

பனிமூட்டத்தை மறந்துவிடுவதும் சேலத்துக்காரர்கள் வழக்கமாகச் செய்வது. இரவில் கேமராவின் இன்ஃப்ராரெட் வெளிச்சம் பனித்துளிகளில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளையாகிவிடும். அந்த விளக்கைக் கேமராவிலேயே வைக்காமல், நாலைந்து அடி தள்ளித் தனியாக மாட்டினால் நிலைமை கொஞ்சம் மேம்படும். கேமராவின் விளக்கருகே பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வலை கட்டும், வலை காற்றில் ஆடினால் இரவெல்லாம் அலர்ட். இரண்டே நாளில் அலர்ட்டை அணைத்துவிடத் தோன்றும். அணைக்காதீர்கள். தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் வாரம் ஒருமுறை துடைக்கச் சொன்னால் போதும்.

ரவுட்டரில் போடும் சிம்மை ஊருக்குள் சோதிக்காமல், கருவி இருக்கப்போகும் அதே மூலையில் சோதியுங்கள். ஒரு மேடு குறுக்கே வந்தால் சிக்னல் போய்விடும். ரீசார்ஜ் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். எர்த்தும் சர்ஜ் (திடீரென மின்னழுத்தம் எகிறுவது) பாதுகாப்பும் இல்லாமல் விடாதீர்கள், கோடை இடியில் ரவுட்டர்தான் முதலில் போகும். கேமரா, தோட்டத் தொழிலாளர் வீட்டு வாசலைப் பார்த்தபடி இருக்கவே கூடாது.

கேமராவுக்குப் பெரிய தொகை செலவழித்துவிட்டு, சில நூறு ரூபாய் ஈர சென்சாரை விட்டுவிடுகிறோம். ஆளில்லாத வீட்டைத் திருடனைவிடத் தண்ணீர்தான் அடிக்கடி கெடுக்கிறது என்பது என் அனுபவம்.

சரி, நள்ளிரவில் அலர்ட் வந்தால் யார் போவது? 20 கொண்டை ஊசி வளைவு ஏறி நாம் போய்ச் சேர்வதற்குள் காரியம் முடிந்திருக்கும். பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் சாவி இருக்க வேண்டும். காட்டெருமை திரியும் நேரத்தில் அவரைத் தனியாக அனுப்பாதீர்கள்.

எல்லாம் மாட்டி முடித்ததும், மலையிறங்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். ஈர சென்சார் மேல் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். அப்புறம் சேலத்துக்குப் போன் போட்டு, அங்கே அலர்ட் அடித்ததா என்று வீட்டில் இருப்பவரைக் கேளுங்கள்.