வளவில் பார்த்தீனியம்: பிடுங்குவது சுகம், பிறகுதான் வேலை

இரண்டு வருசத்துக்கு முன் கத்தரிப் பாத்திக்கு ஒரு லான்ட்மாஸ்டர் மாட்டெரு பறித்தோம். ஐப்பசி மழை விழுந்து பத்து நாளில் கரட் இலை மாதிரிக் கீறுகீறாய், நிலத்தோடு ஒட்டிக் கன்றுகள். அம்மா செவ்வந்தி என்று நினைத்துத் தண்ணீர் வேறு ஊற்றினார். மார்கழியில் அது இடுப்பளவு வளர்ந்து மிளகளவு வெள்ளைப் பூவோடு நின்றபோதுதான், பக்கத்து வீட்டு அன்ரி மதிலால் எட்டிப் பார்த்து, "பிள்ளை, அது பார்த்தீனியமெல்லே!" என்றார்.

(பார்த்தீனியம் ஒரு களை. 1987இல் இலங்கைக்கு வந்த இந்திய இராணுவத்தின் ஆடுகளோடு வந்தது என்று ஊரில் சொல்வார்கள். பூர்வீகம் மெக்சிக்கோப் பக்கம்.)

முதலில் முழுக்கைச் சட்டை, மாஸ்க், ரப்பர் கிளவ்ஸ். துணிக் கிளவ்ஸில் சாறு ஊறும். நான் வெறுங்கையால் பிடுங்கிவிட்டு ஒரு கிழமை முழங்கை மடிப்பைச் சொறிந்துகொண்டு திரிந்தேன். தொய்வு (ஆஸ்துமா) உள்ளவர்கள் கிட்டவே போகவேண்டாம்.

மழை பெய்த மறுநாள், பூக்க முன், அடியில் பிடித்து ஆணிவேரோடு இழுங்கள். உழவாரத்தால் செருக்கினால் வேலை கெதியாய் முடிந்த மாதிரி இருக்கும், ஆனால் அடிக்கட்டை நாலைந்து கிளை விட்டு முன்னையை விட மோசமாய்ப் பூக்கும். காய்ந்த செம்பாட்டு மண் என்றால் சின்ன அலவாங்கு போதும். கடையில் விற்கிற பூந்தோட்டக் கரண்டி எனக்கு இரண்டாம் நாளே வளைந்துவிட்டது.

நான் கோட்டை விட்டது இனித்தான். பூத்த செடிகளையும் சேர்த்துக் கூட்டெருக் குழியில் போட்டேன். பிடுங்கியாயிற்று, செத்துவிடும்தானே? செடி செத்தது, விதை சாகவில்லை. ஒரு செடியே பத்தாயிரத்துக்கு மேல் விதை போடும், பிடுங்கின பிறகும் பூவிலுள்ளது முற்றும். அடுத்த வருசம் அந்தக் கூட்டெருவைப் பயற்றங்காய்ப் பாத்திக்குப் போட்டு, நானே கையால் விதைத்த மாதிரி ஆகிவிட்டது. இப்போது பூத்ததை ஆட்டி உலுப்பாமல், நின்ற இடத்திலேயே கறுப்புப் பொலித்தீன் பைக்குள் தலைகீழாய் விட்டு, வாயைக் கட்டி, வெயிலில் கிடத்துகிறேன். ஆழப் புதைக்கலாம்தான், எங்கள் வளவில் இரண்டடிக்குக் கீழே கல்.

பிறகு மண்ணைக் கொத்திப் புரட்டாதீர்கள், அடியில் உறங்குகிற விதை மேலே வரும். காய்ந்த வாழைச் சருகைத் தடிப்பாய்ப் பரப்பி விடுங்கள். முளைத்து ஒரு மாதத்தில் பூத்துவிடும் என்பதால் இரண்டு, மூன்று கிழமைக்கு ஒருதரம் சுற்றிப் பாருங்கள், மதிலுக்கு வெளியே ஒழுங்கையையும் சேர்த்து.

பிற்சேர்க்கை: உப்புத் தண்ணீர் அடிக்கலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். செடி கருகும், சரி. ஆனால் எங்கள் கிணறுகள் ஏற்கெனவே உவர், பாத்திக்குள் இன்னும் உப்பா? ஆட்டுக்குப் போடலாமா என்றும் ஒருவர் கேட்டார். வேண்டாம், பால் கைக்கும்.

இன்னொன்று, விதை மாட்டெருவோடும் வரும் என்பதால், எரு வந்ததும் பரப்பாமல் ஒரு மூலையில் குவித்து, தண்ணீர் தெளித்து, மூன்று கிழமை விட்டுப் பாருங்கள். இந்தமுறை என் குவியலில் பதினேழு கன்று முளைத்தது.