ஓடுகிற கருவியிலும் எர்த் அறுந்திருக்கலாம்: பணியிட மின்கருவிகளைச் சோதிக்கும் முறை

எர்த் ஒயர் அறுந்த கெட்டிலிலும் தண்ணீர் கொதிக்கும். கருவி வேலை செய்ய எர்த் தேவையே இல்லை என்பதால், அது அறுந்து போனதை யாரும் கவனிப்பதில்லை. உள்ளே ஃபேஸ் ஒயர் உரசி உலோக பாடியைத் தொடும்போதுதான் அதன் தேவை வருகிறது. எர்த் இருந்தால் அந்த நொடியே ஃப்யூஸ் போகும், அல்லது பிரேக்கர் விழும். இல்லாவிட்டால் பாடி முழுவதும் 230 வோல்ட் நிற்கும். 10 மில்லி ஆம்பியர் அளவிலேயே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால் உயிருக்கே ஆபத்து. "நல்லாத்தானே ஓடுது" என்ற பதிலை வைத்து எந்தக் கருவியையும் விட்டுவிடாதீர்கள்.

முதலில் கருவி எந்த வகுப்பு என்று பாருங்கள். பெயர்த்தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் இருந்தால் அது இரண்டாம் வகுப்பு: இரட்டைக் காப்பு (இரண்டு அடுக்கு இன்சுலேஷன்), எர்த் கிடையாது. அந்தக் குறி இல்லாமல் உலோக பாடியும் மூன்று பின் பிளக்கும் இருந்தால் பெரும்பாலும் முதல் வகுப்பு: பாதுகாப்புக்கு எர்த்தை நம்பியிருப்பது. மூன்று பின் இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். இரட்டைக் காப்புக் கருவிக்கும் மூன்று பின் பிளக் மாட்டியிருப்பார்கள்.

கண்ணும் கையும்

பெரும்பாலான கோளாறுகள் மீட்டரை எடுக்கும் முன்பே தெரிந்துவிடும். பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து உருவிவிட்டுத் தொடங்குங்கள். ஒயரை முழு நீளத்துக்கும் விரல்களுக்கிடையே ஓடவிடுங்கள். வெட்டு, நசுங்கல், டேப் சுற்றிய ஒட்டு எது தட்டுப்பட்டாலும் அந்தக் கருவி அங்கேயே தோல்வி. ஒயர் கருவிக்குள் நுழையும் இடமும் பிளக்கிலிருந்து வெளிவரும் இடமும்தான் அதிகம் மடங்கித் தேய்பவை. அங்கே மெதுவாக இழுத்துப் பாருங்கள். மேலுறை நகர்ந்து உள்ளே உள்ள வண்ண ஒயர்கள் தெரிந்தால் பிடிப்பான் விட்டுப்போயிருக்கிறது.

திறக்கக்கூடிய பிளக் என்றால் கட்டாயம் திறங்கள். இன்று பரவலாக உள்ள வண்ண முறையில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். எர்த் ஒயர் மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக இருக்க வேண்டும். யாராவது ஒயரைப் பிடித்து இழுத்தால் ஃபேஸ் முதலில் கழன்று, எர்த் கடைசியாகத்தான் கழல வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. ஒயர் முனையில் ஈயம் வைத்து ஸ்க்ரூவில் முறுக்கியிருந்தால், வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கும், ஸ்க்ரூ தளரும், இணைப்பு சூடாகும். பின்னைச் சுற்றிப் பழுப்பேறியிருந்தால் அது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. அந்த பிளக் செருகப்பட்ட சாக்கெட்டையும் பாருங்கள்.

எர்த் தொடர்ச்சி

பிளக்கின் எர்த் பின்னிலிருந்து உலோக பாடி வரை எர்த் அறுபடாமல் இருக்கிறதா என்று அளக்கும் சோதனை இது; முதல் வகுப்புக் கருவிகளுக்கு மட்டும். சாதாரண மல்டிமீட்டரின் பீப் ஒலியை நம்பாதீர்கள். அது சில மில்லி ஆம்பியர்தான் அனுப்புகிறது. எர்த் ஒயரில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் "சரி" என்றே சொல்லும். குறைந்தது 200 மில்லி ஆம்பியர் அனுப்பும் அப்ளையன்ஸ் டெஸ்டர் வேண்டும். கெட்டில், இஸ்திரிப் பெட்டி, அரவை மெஷின் போன்றவற்றுக்கு 10 அல்லது 25 ஆம்பியர் சோதனை இன்னும் நல்லது. கணினி, பிரிண்டர் போன்ற மின்னணுக் கருவிகளுக்கு 200 மில்லி ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதிக மின்னோட்டம் தவறான வழியில் புகுந்தால் உள்ளே உள்ள போர்டு போய்விடும்.

டெஸ்டர் ஒயரின் சொந்த மின்தடையை முதலில் பூஜ்ஜியமாக்குங்கள். கிளிப்பைப் பெயின்ட் மேல் வைக்காமல், வெறும் உலோகம் தெரியும் ஸ்க்ரூவில் வையுங்கள். பெயின்ட் மேல் வைத்து "ஃபெயில்" வாங்கிய நல்ல கருவிகள் ஏராளம். அளவு ஓடும்போதே ஒயரின் இரு முனைகளையும் வளைத்துக்கொண்டிருங்கள். எண் துள்ளினால் உள்ளே இழை அறுந்திருக்கிறது.

பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு, 0.1 ஓமோடு எர்த் ஒயரின் சொந்த மின்தடையைக் கூட்டிய அளவு. 0.75 சதுர மிமீ செம்பு ஒயருக்கு மீட்டருக்குச் சுமார் 0.026 ஓம், 1.5 சதுர மிமீ ஒயருக்கு 0.0133 ஓம். 20 மீட்டர் நீளமுள்ள 1.5 சதுர மிமீ எக்ஸ்டென்ஷனுக்கு 0.27 ஓம் ஒயரே எடுத்துக்கொள்ளும், எனவே 0.37 வரை சரி. இந்தக் கணக்கைப் போடாமல் நீள ஒயர்களைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. உங்கள் ஊர் விதி வேறு எண் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

இன்சுலேஷன்

ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து, அவற்றுக்கும் எர்த்துக்கும் இடையே 500 வோல்ட் டிசி கொடுத்து இன்சுலேஷனின் மின்தடையை அளந்து பாருங்கள். முதல் வகுப்புக்குக் குறைந்தது 1 மெகா ஓம். இரண்டாம் வகுப்பில் எர்த்துக்குப் பதிலாகப் பாடியில் தொடக்கூடிய உலோகத்தில் புரோபை வையுங்கள்; குறைந்தது 2 மெகா ஓம்.

இங்கே அதிகம் நடக்கும் தவறு, கருவியின் சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போதே சோதிப்பது. அப்போது ஒயரை மட்டும்தான் சோதிக்கிறீர்கள், மோட்டாரையோ ஹீட்டரையோ அல்ல. சுவிட்சை ஆன் செய்தும் பயனில்லாத கருவிகள் உண்டு: உள்ளே ரிலே அல்லது மின்னணு சுவிட்ச் இருந்தால் மின்சாரம் வராமல் அது மூடாது. அவற்றுக்கு, மற்ற சோதனைகளில் தேறிய பிறகு, மின்சாரம் கொடுத்துக் கசிவு மின்னோட்டம் (இன்சுலேஷனைத் தாண்டி எர்த்துக்கோ பாடிக்கோ கசியும் மின்னோட்டம்) அளக்க வேண்டும். கையில் பிடிக்கும் முதல் வகுப்புக் கருவிக்கு 0.75, இரண்டாம் வகுப்புக்கு 0.25 மில்லி ஆம்பியர் வரை ஏற்கலாம்.

சர்ஜ் பாதுகாப்புள்ள (திடீர் மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும்) எக்ஸ்டென்ஷன் பாக்ஸை 500 வோல்ட்டில் சோதித்தால் தவறாகத் தோற்கும், 250க்கு இறக்குங்கள். நீண்ட நாள் சும்மா கிடந்த ஹீட்டர் குறைவாகக் காட்டினால் உடனே கழிக்க வேண்டாம். எலிமென்டுக்குள் இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எர்த் சோதனையில் தேறியிருந்தால் மட்டும், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர்) உள்ள சாக்கெட்டில் யாரும் தொடாதபடி அரை மணி நேரம் ஓடவிட்டு, பிளக்கை உருவி மறுபடி அளந்து பாருங்கள்.

எக்ஸ்டென்ஷனுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று: ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால், ஒற்றைத் துருவ சுவிட்சை (ஒரு ஒயரை மட்டும் துண்டிப்பது) அணைத்த பிறகும் கருவிக்குள் ஃபேஸ் இருக்கும்.

பதிவு

"பாஸ்" என்று மட்டும் எழுதாமல் எண்ணையே எழுதுங்கள். சென்ற முறை 80 மெகா ஓம் காட்டியது இம்முறை 3 காட்டினால், தேறினாலும் அடுத்த சோதனையை முன்னுக்கு இழுங்கள். கட்டுமான இடத்தில் தரையில் இழுபடும் டிரில்லுக்கு 3 மாதம், பட்டறைக் கருவிக்கு 6 மாதம் என்பது நியாயமான இடைவெளி. மேசையைவிட்டு நகராத கணினிக்கு ஆண்டுக் கணக்கில் விடலாம். தோற்ற கருவியில் சிவப்புச் சீட்டு ஒட்டிப் பூட்டிய அறையில் வையுங்கள். பழுதுபார்க்க முடியாதது என்றால் ஒயரைக் கருவியின் அருகிலேயே வெட்டி, வெட்டிய ஒயரிலிருந்து பிளக்கையும் தறித்துவிடுங்கள். பிளக்கோடு கிடக்கும் வெட்டிய ஒயரை யாராவது சாக்கெட்டில் செருகினால், அதன் மறுமுனையில் ஃபேஸ் திறந்து நிற்கும்.