ஆதரவுக் குழுவில் கடவுள் பேச்சு: ஆறுதல் எங்கே தவறாகிறது

துக்கத்திலோ நோயிலோ இருப்பவர்கள் கூடி மனசுவிட்டுப் பேசும் ஆதரவுக் குழு அது. மகனை இழந்த ஒரு அம்மா அங்கே முதல் முறையாக வாயைத் திறக்கிறார். இரண்டு வாக்கியம்கூட முடியவில்லை, பக்கத்தில் இருப்பவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு "நல்லவங்களைத்தான் கடவுள் சீக்கிரம் கூப்பிட்டுக்குவார்மா" என்கிறார். அந்த அம்மா தலையை ஆட்டுகிறார், அதற்கப்புறம் அன்று முழுக்கப் பேசவில்லை. அடுத்த வாரம் வரவும் இல்லை.

பக்கத்தில் இருந்து அப்படிச் சொன்னது நான்தான். நல்ல மனசோடு சொன்னதுதான், ஆனால் பல நாள் கழித்து யோசித்தபோதுதான் புரிந்தது: அந்த அழுகையை என்னால் தாங்க முடியவில்லை, அதனால் ஒரு மூடியை எடுத்துப் போட்டுவிட்டேன். ஆறுதல் கிடைத்தது எனக்குத்தான், அவருக்கு இல்லை.

இதற்குப் பெயரே உண்டு. ஜான் வெல்வுட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1984-இல் 'ஸ்பிரிச்சுவல் பைபாசிங்' என்ற சொல்லைக் கொண்டுவந்தார், அவரே பௌத்தத் தியானம் பழகியவர் என்பதால் வெளியிலிருந்து கேலி செய்ய வந்த ஆள் இல்லை. ஊருக்குள் நெரிசல் என்று பைபாஸில் போய்விடுவோமே, அதுதான்: துக்கம், கோபம், அவமானம் எல்லாம் இருக்கிற ஊருக்குள் நுழையாமல் ஆன்மிகத்தின் வழியாக நேராக 'அமைதி'க்குப் போய் இறங்கப் பார்ப்பது. "எல்லாம் நன்மைக்கே", "பற்று இருக்கிறதால்தான் துன்பம்", "ஏதோ காரணம் இருக்கும்" எல்லாம் அந்த ரோட்டில் இருக்கிற கைகாட்டிகள்.

இந்த வார்த்தைகளே தப்பு என்று சொல்ல வரவில்லை. அதே அம்மா தானாகவே "அவன் கடவுள்கிட்ட பத்திரமா இருக்கான்" என்று சொன்னால் அது அவருடைய ஊன்றுகோல், அதைத் தட்டிவிட யாருக்கும் உரிமை இல்லை. ஒரே வாக்கியம்தான், ஆனால் பாதிக்கப்பட்டவர் வாயிலிருந்து வந்தால் பிடிமானம், பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தால் 'போதும், நிறுத்து' என்பதன் மரியாதையான வடிவம்.

இதிலேயே கொடூரமான வகை ஒன்று உண்டு, "போன ஜென்மத்துப் பாவம்", "உன் எண்ணம்தான் நோயா வந்திருக்கு" என்பது. மெல்வின் லெர்னர் என்ற உளவியலாளர் 1966-இல் சக ஆய்வாளர் ஒருவரோடு வெளியிட்ட சோதனையில், ஒரு பெண் மின்அதிர்ச்சி வாங்குவதுபோல் நடித்துக் காட்டினார்கள். அதைத் தடுக்க வழியில்லாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய நிலையில், அது நிஜம் என்று நம்பிப் பார்த்தவர்கள் அந்தப் பெண்ணையே மட்டமாக எடைபோட ஆரம்பித்தார்கள். உலகம் நியாயமானது, தப்பு செய்யாதவனுக்குக் கெட்டது நடக்காது என்று நம்பினால்தான் நமக்குப் பயமில்லாமல் தூக்கம் வரும், அந்தத் தூக்கத்துக்காக எதிரில் இருப்பவர் குற்றவாளி ஆகிறார். குழுவை நடத்துபவர் இதை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும், கூட்டம் முடிந்து தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் கேட்டவர் காயத்தோடு வீட்டுக்குப் போய்விடுவார்.

சரி, இவ்வளவு வம்பு எதற்கு, குழுவில் கடவுள் பேச்சே வேண்டாம் என்று சிலர் கதவைச் சாத்திவிடுகிறார்கள். எனக்கு இதுவும் பெரிய தவறாகத்தான் படுகிறது. சிலருக்கு வலியே அங்கேதான் இருக்கும். கென்னத் பார்கமென்ட்டும் அவரோடு இருந்த ஆய்வாளர்களும் 55 வயதுக்கு மேற்பட்ட 596 மருத்துவமனை நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2001-இல் வெளியிட்டார்கள். கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார், தன்மேல் அன்பில்லை என்று உள்ளுக்குள் போராடியவர்களுக்கு, உடல்நிலை வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், இறப்பு அபாயம் ஓரளவு கூடுதலாக இருந்தது. நம்பிக்கை உள்ளவரா இல்லையா என்ற கேள்வியைவிட, அந்த நம்பிக்கையோடு அவர் இப்போது சண்டையில் இருக்கிறாரா என்பதே கவனிக்க வேண்டியது. "ரெண்டு வருஷமா பிரார்த்தனையே வரல, அங்க யாரும் இல்லன்னு தோணுது" என்று ஒருவர் சொல்லும்போது குழுவில் நாலு பேர் கடவுளுக்காக வாதாட எழுந்துவிடுவார்கள். கடவுளுக்கு வக்கீல் தேவையில்லை, பேசுகிறவருக்குத்தான் காது தேவை. "அது எப்பலருந்து?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதும்.

பேச்சைத் தொடங்கவும் மதத்தின் பெயர் வேண்டாம். "கஷ்டமான நேரத்துல எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?" என்று கேளுங்கள். ஒருவர் பிரார்த்தனை என்பார், இன்னொருவர் தன் நாய் என்பார். இரண்டுக்கும் ஒரே தலையசைப்பு.

இறந்தவரின் குரல் கேட்டது, பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது என்று யாராவது சொன்னால் இரண்டு பக்கமும் தவறுகிறோம். ஒரு கூட்டம் "ஆவி வந்து செய்தி சொல்லுது" என்று விளக்கும், இன்னொன்று "மனநோய்" என்று பயமுறுத்தும். டெவி ரீஸ் என்ற மருத்துவர் வேல்ஸில் துணையை இழந்த 293 பேரிடம் கேட்டு 1971-இல் எழுதினார்: ஏறக்குறைய பாதிப் பேருக்கு அப்படி ஏதோ ஓர் அனுபவம் இருந்தது, பெரும்பாலோர் அதை அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அதனால் விளக்கம் வேண்டாம். "அப்ப உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டால், அந்த ரகசியத்துக்கு முதல் முறையாக ஓர் இடம் கிடைக்கும்.

கூட்டத்தை ஒரே மதத்தின் பிரார்த்தனையோடு தொடங்குவதும் தவறுதான். யாரும் எதிர்க்க மாட்டார்கள், ஆனால் வேறு நம்பிக்கை உள்ளவரும் நம்பிக்கை இல்லாதவரும் அந்த ஒரு நிமிடத்திலேயே விருந்தாளியாகிவிடுவார்கள். குடியிலிருந்து மீள்வோருக்கான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1939-இல் தன் 12 படிகளை அச்சிட்டபோதே கடவுள் என்ற சொல்லோடு 'நாம் புரிந்துகொண்டபடி' என்று சேர்த்தது, ஆரம்ப உறுப்பினர்களில் நாத்திகர்களும் இருந்து மல்லுக்கட்டியதால்தான். அது எல்லோரையும் திருப்திப்படுத்தவில்லை என்பது வேறு கதை. ஒரு நிமிட மௌனம் பெரும்பாலும் போதும், அதிலும் "கண்ணை மூடுங்க" என்று கட்டளையிடாதீர்கள். வன்முறையை அனுபவித்த சிலருக்குக் கண்ணை மூடினால் அமைதி வராது, அந்தக் காட்சிதான் வரும். கண் திறந்திருக்கலாம், எழுந்து வெளியே போகலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் மன்னிப்பு. "மன்னிச்சிடு, மனசு லேசாகும்" என்று அடிவாங்கியவரிடம் சொல்வதில் ஆபத்து இருக்கிறது, ஏனென்றால் கேட்பவர் காதில் அது 'திரும்பிப் போ' என்று விழும். மன்னிப்பது வேறு, அதே வீட்டுக்குத் திரும்புவது வேறு, புகார் கொடுக்காமல் விடுவது இன்னும் வேறு. மன்னிக்கவே முடியாது என்பவர் ஆன்மிகத்தில் பின்தங்கியவரும் இல்லை.

கடைசியாக ஒன்று, இதில் மட்டும் நான் நெகிழ மாட்டேன். யாராவது நம்பிக்கையை வைத்து மாத்திரையை நிறுத்தச் சொன்னால், மருந்து பற்றிய முடிவு மருத்துவரோடுதான் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட வேண்டும். "சீக்கிரம் அவன்கிட்டயே போயிடணும்" என்று ஒருவர் சொன்னால் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டு கடந்துவிடாதீர்கள். "உயிரை விட்டுடலாம்னு நினைக்கிறீங்களா?" என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் அன்று அவரைத் தனியாக அனுப்பக் கூடாது. குடும்பத்தில் ஒருவருக்கோ மருத்துவருக்கோ அவர் முன்னாலேயே போன் போடுங்கள், ஆள் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.