தனி அல்பத்தில் இலத்தீன் தாளமும் பறையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னியில் வீட்டு அறையிலே தனியாக அல்பம் செய்கிறவர்கள் பலர் முதலில் பறையைப் பதிந்துவிட்டு, பிறகு அதன்மேல் கியூபாவின் கைமுரசான கொங்காவை ஏற்றப் பார்க்கிறார்கள். அங்கேயே பாட்டுக் கெட்டுவிடுகிறது. இலத்தீன் தாளம் என்று இங்கே சொல்வது கியூபத் தாளத்தை. அது கிளாவே என்ற, திரும்பத் திரும்ப வரும் ஐந்து தட்டுக் கோலத்தில்தான் நிற்கும். 16 மாத்திரை எண்ணி 1, 4, 7, 11, 13 இல் தட்டுங்கள்: அதுதான் 3-2 சொன் கிளாவே, முதற்பாதியில் மூன்று தட்டு, மறுபாதியில் இரண்டு. மூன்றாவது தட்டை 8 க்குத் தள்ளினால் ரும்பா கிளாவே. சீராகத் தட்டி வேகம் காட்டும் மெட்ரோனோமோடு கிளாவேயைத்தான் முதலில் பதிய வேண்டும்; பாட்டு முடியுமட்டும் நிறுத்தாமல் ஓடவிட்டு, மற்ற வாத்தியங்களை அதைக் கேட்டுக் கேட்டே வாசியுங்கள். கடைசிக் கலவையில் அதன் சத்தத்தை எடுத்துவிட்டாலும் பரவாயில்லை.

வெட்டி ஒட்டும்போது 8 மாத்திரையை மட்டும் நீக்கினால் 3-2 ஆக ஓடியது 2-3 ஆகப் புரண்டுவிடும். பியானோ ஒரு பக்கம் இழுக்க, பாடல் இன்னொரு பக்கம் இழுக்கும். காரணம் பிடிபடாமல் ஒலியளவைக் கூட்டிக் குறைத்து நாளைக் கழிக்க வேண்டியதுதான். வெட்டுவதும் சேர்ப்பதும் 16 இன் மடங்கில் இருக்கட்டும்.

சதுஸ்ர நடை ஆதி தாளத்துக்கு 32 மாத்திரை. இரண்டு கிளாவே அச்சொட்டாகப் பொருந்தும். ஏழு மாத்திரை கொண்ட மிஸ்ர சாபு அப்படியல்ல. ஏழும் பதினாறும் மறுபடி ஒன்றாக விழ 112 மாத்திரை செல்லும். நிமிடத்துக்கு 100 அடி, அடிக்கு 4 மாத்திரை என்றால் ஏறத்தாழ 17 செக்கன். அவ்வளவு நேரம் தாங்கும் மெட்டு இல்லையென்றால் அந்தப் பாட்டில் கிளாவே வேண்டாம்.

இலங்கையின் ஆட்டப்பாட்டான பைலா பழகிய கை இன்னொரு தொல்லை. பைலா 6/8 நடை, போர்த்துக்கேய, ஆபிரிக்க வழி வந்தது. கியூபாவோடு அதற்குச் சொந்தமில்லை. கொங்கா வாசிக்கையிலும் அந்தக் கை மும்மூன்றாகச் சாயும். பேஸ் கிற்றாரில் ஒவ்வொரு முதல் அடியையும் அழுத்துவதும் பழக்கதோஷமே. கியூப வழி ஆட்ட இசையான சல்சாவில் பேஸ் வாசிக்கும் கோலம் தும்பாவோ; அது பெரும்பாலும் முதல் அடியை விட்டுவிட்டு, இரண்டரையிலும் நாலிலும் விழும். நாலில் வருவது அடுத்த கோர்ட்டின் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டின்) சுரம்.

நாதஸ்வரம் சேர்ப்பதென்றால் சுருதியை முதலே முடிவுசெய்யுங்கள். குழலின் சுருதி 2½ கட்டை என்றால் பாட்டு முழுக்க அதிலேயே நிற்கட்டும், நடுவில் சுருதி மாற்ற வேண்டாம். மோகன ராகம் பியானோவோடு சுலபமாக ஒத்துப்போகும். தோடி ராகத்தில் சுரத்தை அசைக்கும் கமகத்துக்குக் கீழே முழுக் கோர்ட் வைத்தால் காந்தாரம் உரசும். சட்சமும் பஞ்சமும் போதும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பறைத்தோல் தொய்யும். தீயில் காய்ச்சினால் ஏறும், சிறிது நேரத்தில் மறுபடி இறங்கும். ஆகவே ஒரு பாட்டின் பறைப் பகுதி முழுவதையும் ஒரே காய்ச்சலில் எடுத்துவிடுங்கள். மறுநாள் எடுத்ததை ஒட்டினால் காதுக்கே தெரியும். தகரக் கூரையில் மழை விழும்போது எதுவும் எடுக்காதீர்கள், அந்த இரைச்சலைப் பிறகு பிரிக்க முடியாது. மைக்கைப் பறையிலிருந்து ஒரு மீற்றர் தள்ளி வைத்து, உச்ச அடி பதிவுக் கருவியின் அளவுமானியில் -10 டெசிபெல்லைத் தாண்டாமல் 24 பிற்றில் பதியுங்கள்.