பாதி எரியாத கிறிஸ்துமஸ் விளக்குச் சரம்

இந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அலங்காரத்திற்குப் பணம் ஒதுக்க முடியாததால், பழைய 100 பல்பு சீரியல் செட்டையே நம்பியிருந்தோம். ஆனால் அதில் 50 பல்புகள் மட்டுமே எரிந்தன.

முதலில் பிளக்கிலுள்ள ஃபியூஸை மாற்றினேன். அது வீண்வேலை, மறுபாதி எரிகிறது என்றாலே ஃபியூஸ் நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு, எரியாத 50 பல்புகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைந்தவை, ஓரிடத்தில் இணைப்பு அறுந்தாலும் அத்தனையும் அணைந்துவிடும் என்பதால், அவற்றில் ஒன்று பழுதாகியிருக்கும் என்று கருதி, எரியும் பாதியிலிருந்து ஒரு நல்ல பல்பை எடுத்து ஒவ்வோர் இடத்திலும் செருகிப் பார்த்ததில் மூன்று மாலைகள் கழிந்தன. பலனில்லை.

இறுதியில் மின்தடையையும் மின்னிணைப்பையும் சோதிக்கும் மல்டிமீட்டர் கருவியை இரவல் வாங்கி, பிளக்கைக் கழற்றிவிட்டு, எரியாத பகுதியைப் பாதி பாதியாகப் பிரித்து அளந்தேன். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: பல பல்புகளைச் சேர்த்து அளக்கும்போது அவற்றின் மின்தடை கூடிவிடுவதால், இணைப்பு சரியாக இருந்தாலும், அதை உணர்த்தும் மீட்டரின் பீப் ஒலி கேட்காமல் போகலாம். ஆகவே மீட்டர் காட்டும் மின்தடையின் ஓம் அளவையே பார்க்க வேண்டும்.

ஆறாவது முறையில் இடம் பிடிபட்டது. பல்பில் குறையில்லை, அது அமரும் ஹோல்டருக்குள் இருந்த பித்தளைத் தகடு பச்சைக் களிம்பேறி, சற்றே கீழே இறங்கியிருந்தது. நல்ல பல்பைச் செருகியும் எரியாததற்கு அதுவே காரணம். ஊசியால் களிம்பைச் சுரண்டி, தகட்டை மெல்ல மேலே இழுத்துவிட்டேன், நூறும் எரிந்தன.

புதுச் சரத்திற்குச் செலவாகியிருக்கக்கூடிய பணம் பிள்ளைகளின் பரிசுக்குப் போனதில் எனக்கு மிகுந்த நிம்மதி.